கண்ணகி வழக்கும் மதுரையின் முன்தீர்ப்பும்

சிலப்பதிகாரத்தைக் குறித்து நம்மவர் பேசப் புகும்பொழுதெல்லாம் இரண்டு செய்திகளே முன்னிற்கக் காண்கின்றோம். ஒன்று, கண்ணகியின் கற்பு. மற்றொன்று, தன் பிழையை உணர்ந்த அக்கணமே உயிர் துறந்த பாண்டியனின் மாண்பு. 1942-ஆம் ஆண்டில் வந்த 'கண்ணகி' என்னும் படமும், 1964-ஆம் ஆண்டில் வந்த 'பூம்புகார்' என்னும் படமும் ஏடறியாதார்க்கும் அக்கதையைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஆயினும், அவற்றைக் கண்டு கண்ணீர் உகுத்தோருள் எத்தனை பேர், கோவலனைக் கொன்றது விசாரணையற்ற ஒரு தீர்ப்பே என்பதை எண்ணிப் பார்த்திருப்பர்? அக்காவியத்தின் நடுநாடியாக இருப்பது ஒரு வழக்கு. அவ்வழக்கு எவ்வாறு எழுந்தது, யார் எதனைச் சான்று காட்டினர், முன் நடந்த வழக்குகள் அதற்குத் துணை செய்தனவா என்று ஆராய்வார் மிகச் சிலரே. அவ்வாராய்ச்சியையே நாம் இங்கு மேற்கொள்ளுகின்றோம்.

இதற்குக் காரணம் உண்டு. நாம் வாழும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வழங்கும் சட்டமுறை ஆங்கிலேயர் வழியாக வந்தது. சட்டமன்றம் இயற்றிய சட்டங்களேயன்றி, நீதிபதிகள் முன்னர்க் கூறிய தீர்ப்புகளும் பின்வரும் வழக்குகளை ஆளுகின்றன. மேல் நீதிமன்றம் ஒரு வழக்கை எந்தக் காரணம் பற்றி முடித்ததோ, அந்தக் காரணம் அதே தன்மையுடைய அடுத்த வழக்கில் கீழ் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும். இதுவே முன்தீர்ப்பு நெறி. இந்நெறி நமக்கு முற்றும் அந்நியமானதென்றும், தமிழரசர் காலத்தில் மன்னன் வாய்ச்சொல்லே சட்டமென்றும் சொல்வாருண்டு. சிலப்பதிகாரத்தை ஊன்றிப் படிப்போர்க்கு விடை அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. முன் நடந்ததை எடுத்துக்காட்டி இன்று நடப்பதற்கு நியாயம் பேசுதல் அந்நூலில் மூன்று முக்கியமான இடங்களில் வருகின்றது. பேசுவோர் மூவர், பேசும் வகையும் மூன்று.

பொற்கொல்லன் காட்டிய சான்று

ஆடல் மகளிரின் கூத்தை அரசன் விரும்பிக் கண்டான் என்று ஊடல் கொண்ட அரசி, தலைநோய் என்று பெயர் சொல்லி அந்தப்புரம் புகுந்தாள். அவளது ஊடலைத் தணிக்க விரைந்து சென்றுகொண்டிருந்தான் பாண்டியன். அவ்வேளை பார்த்துப் பொற்கொல்லன் அவன் அடியில் வீழ்ந்து, அரண்மனைச் சிலம்பைத் திருடிய கள்வன் தன் குடிலில் இருக்கின்றான் என்றான். திருடியவன் அதனைக் கூறியவனே என்பது நமக்குத் தெரியும், அரசனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவன் முயலவுமில்லை. காவலரை அழைத்து, சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று அதனைக் கொண்டு வருமாறு பணித்துவிட்டு உள்ளே சென்றான். குற்றப்பத்திரிகை, சாட்சியம், தீர்ப்பு, தண்டனை யாவும் அரண்மனை வாயிலில் ஒரு மூச்சில் முடிந்துபோயின. குற்றஞ்சாட்டப்பட்டவன் அவ்விடத்தில் இல்லவே இல்லை.

சென்ற காவலர்க்கு ஐயம் பிறந்தது. கோவலனின் தோற்றத்தைக் கண்டு, இவன் கொல்லப்படத் தக்கவன் அல்லன் என்றனர். அப்பொழுது பொற்கொல்லன் என்ன செய்தான்? கோவலன் திருடினான் என்பதற்கு ஒரு சாட்சியமும் அவன் காட்டவில்லை. கள்வர் மந்திரம், மருந்து, நிமித்தம், தந்திரம் முதலான எட்டினைத் துணையாகக் கொண்டு எவ்வளவு பெரிய காவலையும் ஏமாற்றுவர் என்று ஒரு நீண்ட பிரசங்கம் செய்தான். அதனோடு, முன்னொரு நாள் இரவில் அரச குமாரனின் மார்பிலிருந்த ஆரத்தைக் கவர்ந்த கள்வனின் சாமர்த்தியத்தையும் அவனே எடுத்துரைத்தான். இக்கதைகளுக்கிடையே, கல்வியறிவற்ற குடிகாரன் ஒருவன் வாளை ஓங்கிக் கோவலனை வெட்டி வீழ்த்தினான்.

வாசகர்கள் இதனைக் கூர்ந்து நோக்க வேண்டும். 'முன்னும் கள்வர் இப்படித்தான் நல்லவரைப் போல் தோன்றினர். இவனும் நல்லவனைப் போல் தோன்றுகின்றான். ஆகவே இவன் கள்வன்.' பொற்கொல்லனின் தருக்கத்தைச் சுருக்கினால் எஞ்சுவது இதுவே. முன் நடந்தவை சொல்லப்பட்டன. ஆயினும் அவை இவ்வழக்கோடு எவ்வகையில் ஒக்கும், எவ்வகையில் ஒவ்வா என்று எவரும் கேட்கவில்லை. இதனை முன்தீர்ப்பு என்பது தகாது. முற்கோள் என்பதே தகும். இன்ன ஊரார் இப்படிப்பட்டவர், இன்ன சாதியார் இப்படிப்பட்டவர், கூலிக்காரன் சொல்வது பொய்யாகத்தான் இருக்கும் என்று பேசுவோர் இன்றும் இருக்கின்றனர். அவர்களெல்லாம் அப்பொற்கொல்லனின் மாணாக்கர்களே.

கண்ணகி காட்டிய சான்று

அரசவையில் நின்ற கண்ணகியை, நீ யார் என்று பாண்டியன் வினவினான். கணவன் பெயரையோ தன் பெயரையோ அவள் முதலில் சொல்லவில்லை. புறாவின் துயரைத் தீர்த்த அரசனையும், கன்றை இழந்த பசுவின் கண்ணீரைக் கண்டு தன் மகனையே தேர்க்காலில் இட்ட அரசனையும் உடைய புகார் தன் ஊர் என்றாள். இவ்விடத்தை ஊர்ப்பெருமை என்று கொள்வது பலர் வழக்கம். நமது அபிப்பிராயம் வேறு. வழக்காட வந்தவள் இரண்டு முன்தீர்ப்புகளை அவையின் முன் வைத்தாள் என்றே நாம் கொள்ளுகின்றோம்.

சோழன் தீர்ப்புப் பாண்டியனைக் கட்டுப்படுத்துமோ என்று வக்கீல்கள் கேட்கக்கூடும். கட்டுப்படுத்தாது. அயல்நாட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பு நமது நீதிமன்றத்திற்கு அறிவுரையாகலாமேயன்றி ஆணையாகாது. அவ்வறிவுரையின் சாரம் யாது? இளவரசனைத் தேர்க்காலில் இட்ட தண்டனையை இந்நாளில் எந்த நீதிபதியும் ஏற்கமாட்டார். அறியாமல் நேர்ந்த பிழையையும் வேண்டுமென்றே செய்த குற்றத்தையும் ஒரே தட்டில் வைத்தல் நியாயமன்று. ஆனால் அத்தீர்ப்பின் உள்ளே இருக்கும் காரணத்தை எவரும் மறுக்க இயலாது. முறையீடு செய்வது வாயற்ற பசுவாயினும் செவி கொடுக்க வேண்டும். குற்றவாளி அரசன் வீட்டுப் பிள்ளையாயினும் விலக்கில்லை என்பதே அக்காரணம். தண்டனையைத் தள்ளிக் காரணத்தைக் கொள்வதுதான் முன்தீர்ப்பைப் படிக்கும் முறை. கண்ணகியும் அதனையே கொண்டாள்.

பிறகு அவள் செய்தது இன்னும் அழகியது. கள்வனைக் கொல்வது கொடுங்கோலாகாது என்று அரசன் கூற, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள் கண்ணகி. தன் தேவியின் சிலம்பின் பரல் முத்து என்றான் அரசன். பொருளை உடைக்கும் முன்னரே இரு கட்சியாரும் தத்தம் வாக்குமூலத்தைக் கொடுத்தாயிற்று. சிலம்பு அவைக்கு வந்தது, பலர் காண உடைக்கப்பட்டது, மாணிக்கம் தெறித்தது. இதற்கு மேல் ஒரு விசாரணை எவ்வளவு செவ்வையாக நடத்தல் கூடும்? இவ்வளவும் சில விநாடிகளில் முடிந்த காரியம். கோவலன் உயிரோடிருக்கையில் இதே கேள்வியை ஒரேயொரு முறை அவனிடம் கேட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான். பாண்டியனின் குற்றம் தீர்ப்புத் தவறியது மாத்திரமன்று. தீர்ப்புக்கு முன் வரவேண்டிய கேள்வியைத் தண்டனைக்குப் பின் வரவிட்டதே அவன் குற்றம்.

மதுராபதி காட்டிய சான்று

நிற்க. வழக்குரை காதையோடு வழக்கு முடிந்துவிட்டதென்று நினைத்து ஏட்டை மூடுவோர் பலர். அப்பால் உள்ள கட்டுரை காதையில்தான் மூன்றாவது சான்று இருக்கின்றது. மதுரை தீப்பற்றி எரிகையில் நகரின் தெய்வமாகிய மதுராபதி கண்ணகியின் பின்னே வந்து நின்று, பாண்டியர் குலத்திற்காகப் பரிந்து பேசுகின்றது. பிரதிவாதிக்கு வக்கீலாக வந்தது போன்ற நிலை அது. பாண்டியர் நீதி தவறாதவர் என்பதற்கு அத்தெய்வம் எடுத்துக் காட்டிய நிகழ்ச்சிகளுள் ஒன்று வார்த்திகன் என்னும் அந்தணனின் வழக்கு.

திருத்தங்கால் என்னும் ஊரில் வார்த்திகனின் சிறு மகன் வேதம் ஓதும் திறத்தைக் கண்டு மகிழ்ந்து, சேரனிடம் பரிசில் பெற்று வந்த பராசரன் என்பவன் அவனுக்கு அணிகலன்களை அளித்தான். அவ்வீட்டார் திடீரென்று நகை பூண்டு விளங்கியதைச் சிலர் பொறாமற்போகவே, அரசாங்க ஊழியர்கள் வார்த்திகனைப் புதையல் கவர்ந்தவன் என்று குற்றஞ்சாட்டிச் சிறையில் இட்டனர். அவன் மனைவி கார்த்திகை அழுது புலம்பினாள். ஐயை கோயிலின் கதவு திறவாதாயிற்று. அரசன் காரணம் ஆராய்ந்து உண்மையை அறிந்தான். தன் ஆட்சி தவறியதென்று ஒப்புக்கொண்டு, வார்த்திகனைப் பணிந்து பொறுத்தருள வேண்டினான். திருத்தங்காலையும் வயலூரையும் அவனுக்கு வழங்கினான். அவ்வளவில் நில்லாமல், சிறைக்கதவுகளைத் திறக்கவும், இனிமேல் புதையலாயினும் பிறர் கொடுத்த பொருளாயினும் அது பெற்றவர்க்கே உரியது என்றும் பறையறைவித்தான்.

இதனைப் பாண்டியர் பெருமைக்குச் சான்றாகத் தெய்வம் கூறிற்று. நாம் படிக்கையிலோ இஃது அக்குலத்தின்மேல் சுமத்தப்பட்ட பெருங்குற்றச்சாட்டாகவே தோன்றுகின்றது. இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அங்கும் நகை, இங்கும் நகை. அங்கும் நகை வைத்திருந்ததே குற்றத்திற்குச் சாட்சியம், இங்கும் அதுவே. அங்கும் அரசனை அண்டியிருந்தோரே குற்றஞ்சாட்டினர், இங்கும் அவ்வாறே. அங்கும் விசாரணையில்லை, இங்கும் இல்லை. அங்கும் ஒரு மனைவி அழுதாள், இங்கும் அழுதாள். மதுரை அரசு இப்பிழையை ஒரு முறை செய்து, வருந்தி, திருத்தி, நாடறியப் பறையும் அறைந்திருக்கின்றது. கண்ணகி சோழ நாட்டிலிருந்து கொண்டுவந்த சான்று பாண்டியனைக் கட்டுப்படுத்தாது என்போம். அவன் சொந்த வீட்டிலேயே இருந்த இச்சான்று?

இங்கேதான் நமக்கு உண்மை விளங்குகின்றது. மதுரையில் முன்தீர்ப்பு இருந்தது. முன்தீர்ப்பு நெறி இல்லை. வார்த்திகனின் வழக்கு 'நல்லான் ஒரு மன்னன் இருந்தான்' என்னும் கதையாக மாறிற்றேயன்றி, 'விசாரியாமல் எவரையும் தண்டித்தல் ஆகாது' என்னும் விதியாக மாறவில்லை. கதை அரசனைப் புகழ உதவும். விதிதான் அடுத்த அரசனைத் தடுக்கும். தெய்வமே வந்து சொல்லும் அளவிற்குக் கதை நினைவில் இருந்தது. ஊடல் தணிக்க விரைந்த அரசனின் கையைப் பிடித்து நிறுத்த விதி இல்லாமற் போயிற்று.

ஆயிரம் பொற்கொல்லர்

நாம் கூறுவது மிகையென்று கருதுவோர், நூலில் பின்னர் வருவதையும் படிக்க வேண்டும். நெடுஞ்செழியன் மாண்டபின், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் அரியணை ஏறினான். மழையின்மையும் நோயும் நாட்டை வாட்டவே, கண்ணகிக்குச் சாந்தி செய்யும் பொருட்டுப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. பிறகு மழை பெய்து நாடு செழித்ததாம்.

குற்றம் செய்தவன் ஒரு பொற்கொல்லன். மாண்டவர் ஆயிரவர். அவ்வாயிரவருள் எவனையேனும் அழைத்து, நீ என்ன செய்தாய் என்று கேட்டாருண்டா? விசாரணையின்றி ஒருவனைக் கொன்ற பாவத்திற்குப் பரிகாரமாக, விசாரணையின்றி ஆயிரவர் கொல்லப்பட்டனர்! கண்ணகி தன் கையால் சிலம்பை உடைத்து நாட்டிய நியாயத்தை அவள் பெயராலேயே குழிதோண்டிப் புதைத்தனர். ஒருவன் செய்த குற்றத்திற்கு அவன் பிறந்த குலம் முழுவதையும் பழிக்கும் வழக்கம் எத்துணைக் கொடியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. கண்ணகிக்கு விழா எடுப்போரும், அவள் திறத்தை மேடைதோறும் பேசுவோரும் இவ்வாயிரவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கேட்டிலோம்.

இதற்கெல்லாம் ஊழ்வினையே காரணம் என்று சமாதானம் கூறுவாருண்டு. நூலிலும் அக்கொள்கை இருக்கின்றது. கோவலன் முற்பிறப்பில் செய்த வினையை மதுராபதியே எடுத்துரைக்கின்றது. ஆயினும் நீதிமன்றத்தில் ஊழைச் சாட்சிக்கு அழைக்க இயலாது. அரசாட்சியில் பிழைத்தவரை அறமே தண்டிக்கும் என்பதையும் அந்நூல் தன் கருத்துகளுள் ஒன்றாகக் கொண்டிருக்கின்றது. பிழை மன்னனுடையதாக இருந்தாலன்றித் தண்டனைக்குப் பொருளில்லை. இளங்கோவடிகள் ஊழையும் பேசினார்; அதே நேரத்தில் வாயிற்படியில் நடந்த அவசரத்தையும், குடிகாரனின் வாளையும், வார்த்திகனின் சிறையையும் ஒன்றுவிடாமல் எழுதி வைத்தார். வினைக்குத் தலைவணங்கிக் கண்ணீர் விடுவது ஒரு வகைப் படிப்பு. எழுதி வைத்தவற்றை ஒப்பிட்டுக் கேள்வி கேட்பது மற்றொரு வகைப் படிப்பு. நாம் பின்னதையே வேண்டுகின்றோம்.

நம் நாட்டு நிலை

அவ்வாறாயின், தீர்ப்புகளை ஏட்டில் எழுதி, அடுத்த நீதிபதியைக் கட்டுப்படுத்தும் முறை வந்தவுடன் நீதி பிழைத்துவிட்டதா? அதுவுமில்லை. கட்டுப்படுத்தும் விதி நன்மையையும் நிலைநிறுத்தும், குறையையும் நிலைநிறுத்தும்.

சிங்கப்பூரில் 1908-ஆம் ஆண்டில் தீர்ப்பளிக்கப்பட்ட 'ஆறு விதவையர் வழக்கு' இதற்குத் தக்க உதாரணம். சீனச் செல்வர் ஒருவர் இறந்தபின், அவருடைய மனைவியர் என்று கூறி அறுவர் வழக்காடினர். சீனர் வழக்கப்படி துணை மனைவியரும் மனைவியரே என்றும், விதவைக்கென்று சட்டம் ஒதுக்கிய பங்கில் அவர்களுக்கும் உரிமையுண்டு என்றும் முடிவாயிற்று. அவ்வாறு தீர்ப்பளியாவிடின், வாழ்வெல்லாம் அவரை நம்பியிருந்த பெண்கள் தெருவில் நின்றிருப்பர். அவ்வகையில் அது கருணையான தீர்ப்பு. ஆனால் அதே தீர்ப்பு, ஓர் ஆடவன் பல மனைவியரைக் கொள்ளும் வழக்கத்திற்குச் சட்டத்தின் முத்திரையையும் குத்திற்று. அம்முத்திரையை அழிக்கச் சிங்கப்பூரில் 1961-ஆம் ஆண்டின் மாதர் சாசனமும், மலேசியாவில் 1976-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1982-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த திருமணச் சீர்திருத்தச் சட்டமும் தேவைப்பட்டன. முஸ்லிம் அல்லாதார்க்கு ஒருவனுக்கு ஒருத்தி என்னும் விதி இச்சட்டங்களால்தான் உறுதிப்பட்டது. நமது இந்துத் திருமணங்களும் அவ்விதிக்கு உட்பட்டவையே.

நீதிபதிகளும் இதனை உணராமலில்லை. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, தன் முன்தீர்ப்பைத் தானே மாற்ற இயலாதென்று 1898-இல் கூறிற்று. 1966-இல் அக்கட்டைத் தானே தளர்த்திற்று. இலண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்யும் வழக்கம் 1994-இல் சிங்கப்பூரில் ஒழிந்தவுடன், அவ்வூர் மேல்முறையீட்டு நீதிமன்றமும், பழைய தீர்ப்பைப் பின்பற்றுவதால் அநீதி விளையுமாயின் அதனின்று விலகலாம் என்று அறிவித்தது. காரணம் காட்டி விலகுதல் வேறு. நினைவின்றி மீறுதல் வேறு. முன்னது நீதிமன்றத்தின் முறை. பின்னது மதுரை வாயிலில் நடந்தது.

தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைப்போர்க்கு மிக நெருங்கிய ஒன்றைச் சொல்லி முடிக்கின்றோம். மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, நடத்தைக் குற்றத்திற்காகத் தொழிலாளியை வேலையினின்று நீக்குமுன் முதலாளி தக்க விசாரணை செய்ய வேண்டும் என்கின்றது. கோவலனுக்குக் கிட்டாத உரிமை இது. அந்த விசாரணையை முதலாளி செய்யாவிடின் என்னாவது? அக்குறை ஒன்றினாலேயே முதலாளியின் கட்சி தோற்றுவிடாதென்றும், தொழிலியல் நீதிமன்றத்தில் வழக்கு முழுமையாக விசாரிக்கப்படுவதால் அக்குறை அங்கே தீரும் என்றும் 1995-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு பின்வந்த வழக்குகளை ஆளலாயிற்று. நீதிபதிகள் கூறிய காரணத்தில் பொருத்தமில்லை என்று நாம் சொல்லமாட்டோம். இழந்த சம்பளத்தைப் பின்னர்க் கணக்கிட்டுக் கொடுக்க இயலும் என்பது மெய்யே. ஆனால் சம்பளம் நின்ற நாள் முதல் தீர்ப்பு வரும் நாள் வரையில் அத்தொழிலாளியின் அடுப்பு எரிய வேண்டுமே! கேள்வி முன்னே வரவேண்டுமா, பின்னே வந்தாலும் போதுமா என்பதே கண்ணகி வழக்கின் கேள்வி. அது இன்னும் முடிவுபெறவில்லை.

ஆகவே, அன்பர்காள், கட்டுரை காதையையும் வழக்குரை காதையையும் ஒருசேரப் படியுங்கள். பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள். சிலம்பு உடைந்ததைச் சொல்லும்பொழுது, அதனை உடைக்கக் கேட்ட கேள்வியையும் சொல்லுங்கள். பாண்டியன் மாண்டதைச் சொல்லும்பொழுது, வார்த்திகனின் சிறையையும் பெயரறியாத ஆயிரம் பொற்கொல்லரையும் விடாமல் சொல்லுங்கள். நல்ல மன்னனை வேண்டித் தவங்கிடப்பதைக் காட்டிலும், எந்த மன்னனையும் நிறுத்திக் கேட்கும் விதியை வேண்டி நிற்பதே அறிவுடைமை. அவ்விதி ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. 'என்னை விசாரித்தீர்களா?' என்று கேட்கும் வாய் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு பட்டணத்திலும் வேண்டும்.